சுவரில் தொங்கும் சர்டிபிகேட்டும் மேட்டில் நிற்கும் மாஸ்டரும்

தற்காப்புக் கலை சொல்லித்தரும் ஜிம்முக்குள் முதன்முதலாக நுழைகிறவர் பார்ப்பது ரிசப்ஷன் சுவரைத்தான். கண்ணாடிச் சட்டத்துக்குள் நாலைந்து சர்டிபிகேட், கழுத்தில் மெடலோடு மாஸ்டர் நிற்கும் போட்டோ, அதன் கீழே ‘5-ஆம் டான்’, ‘தேசிய சாம்பியன்’, ‘தாய்லாந்தில் பயிற்சி பெற்றவர்’ என்று மூன்று வரி. ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் அந்த மூன்று வரியையும் பிரித்துப் படிக்கத் தெரிந்திருந்தால் நல்லது. ஒவ்வொரு கலையிலும் அந்த வரிக்கு வேறு எடை. குத்துச்சண்டையில் பெல்ட் கட்டிப் படிப்பதே கிடையாது. தரையில் கட்டிப்புரண்டு மடக்கும் ஜியு-ஜிட்சுவில் பெல்ட்டை வைத்துத்தான் ஆளை எடை போடுவார்கள். தாய்லாந்துக் கலையான முய் தாயில் எத்தனை சண்டை ஏறினார் என்பதுதான் பட்டம்.

பெல்ட்டிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏமாற்று அதிகம் நடப்பது அங்கேதான். டான் என்ற கருப்பு பெல்ட் தரவரிசையைத் தற்காப்புக் கலைக்குள் கொண்டுவந்தவர் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ. 1882-இல் டோக்கியோவில் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கி, அடுத்த வருஷம் மூத்த மாணவர்கள் இருவருக்கு முதல் டான் கொடுத்தார். ஜப்பானிய மொழியில் அதற்கு ‘ஷோதான்’ என்று பெயர். ‘ஷோ’ என்றால் தொடக்கம். அடிப்படை கைவந்துவிட்டது, இனிமேல்தான் பாடம் என்று அர்த்தம். நம் ஊரில் அது படிப்பு முடிந்ததற்கான சான்றாக மாறிவிட்டது. முதல் டான் வாங்கின கையோடு தெருமுனையில் போர்டு வைத்து கிளாஸ் ஆரம்பித்துவிடுகிறார்கள்.

டேக்வாண்டோவில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சியோலில் 1972-இல் திறந்த டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோன் தருகிற டான்தான் உலகம் முழுக்கச் செல்லும். 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ‘பூம்’, அதற்கு மேல் ‘டான்’. முதல் டானிலிருந்து இரண்டாவதுக்குப் போக 1 வருஷம், மூன்றாவதுக்கு 2, நான்காவதுக்கு 3, ஐந்தாவதுக்கு 4, ஆறாவதுக்கு 5 வருஷம் காத்திருக்க வேண்டும். கூட்டினால் 15. பதினைந்து வயதில் முதல் டான் எடுத்தவர் முப்பதுக்கு முன்னால் ஆறாவது டானைத் தொட முடியாது. 26 வயதில் ஒருவர் ‘7-ஆம் டான் கிராண்ட்மாஸ்டர்’ என்று போட்டிருந்தால் அதை அச்சடித்தது வேறு ஏதோ சங்கம். குக்கிவோன் சர்டிபிகேட்டில் எண் இருக்கும், அதை வைத்து இணையத்தில் சரிபார்க்கலாம். எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கிற மாஸ்டரிடம் வேறெதுவும் கேட்க வேண்டிய அவசியமில்லை.

கராத்தேயில் இந்த வசதி இல்லை. ஷோட்டோகான், கோஜு-ரியூ, ஷிட்டோ-ரியூ, வாடோ-ரியூ, 1956-இல் ஒகினாவாவில் பிறந்த இஷின்-ரியூ என்று பாணிக்கொரு அமைப்பு. ஒரே பாணிக்குள்ளும் ஏழெட்டு அமைப்பு. தலைவரோடு மனஸ்தாபம் வந்தால் மறுநாள் புதுச் சங்கம், புது முத்திரை. அதனால் எத்தனையாவது டான் என்று கேட்பதில் பெரிய பலனில்லை. யார் முன்னால் டெஸ்ட் கொடுத்தீர்கள், என்ன செய்யச் சொன்னார்கள் என்று கேளுங்கள். நிஜமாக டெஸ்ட் கொடுத்தவருக்கு அந்த நாள் மறக்காது. எந்தக் கட்டா (தனியாகச் செய்துகாட்டும் அசைவு வரிசை), எத்தனை ரவுண்டு குமித்தே (எதிராளியோடு மோதுவது), எந்த இடத்தில் கால் நடுங்கியது என்று சொல்லிக்கொண்டே போவார். சர்டிபிகேட்டைக் காசு கொடுத்து வாங்கியவரின் பேச்சு சங்கத்தின் பெயரைச் சுற்றியே நிற்கும்.

‘தேசிய சாம்பியன்’ என்ற வரியும் அப்படித்தான். நடத்தியது எந்தச் சங்கம், கட்டாவா குமித்தேயா, எந்த வயது, எந்த எடைப் பிரிவு, அந்தப் பிரிவில் எத்தனை பேர் என்று ஐந்து கேள்வி இருக்கிறது. மூன்றே பேர் இறங்கிய பிரிவில் எல்லோருக்கும் மெடல் உண்டு. கட்டா மெடல் மட்டமில்லை. நிலை, இடுப்புத் திருப்பம், மூச்சு எல்லாம் சுத்தமாக இருந்தால்தான் அது கிடைக்கும். ஆனால் எதிரே ஆள் இல்லாத ஆட்டம் அது. குமித்தேயிலும் உலக கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் விழும் உதைக்கு 2, தலை உதைக்கு 3. தலைக்குப் போகும் அடியைக் கட்டுப்பாட்டோடு நிறுத்த வேண்டும். அதில் தேறியவர் தூரத்தை அளப்பதில் கில்லாடி. முழு பலத்தோடு வரும் அடியை வாங்கிப் பழகியவராக இருப்பார் என்று சொல்ல முடியாது. தன் கலை எங்கே நிற்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டால் நல்ல அறிகுறி.

பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் பெல்ட் ஆமை வேகம். வெள்ளை, நீலம், ஊதா, பிரவுன், கருப்பு, அவ்வளவுதான். சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி நீல பெல்ட்டுக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும், கருப்புக்கு 19. நீலத்தில் குறைந்தது 2 வருஷம், ஊதாவில் ஒன்றரை, பிரவுனில் 1. இது குறைந்தபட்சக் கணக்கு. வாரம் மூன்று நாள் வருகிறவர் கருப்புக்குப் போக ஏறக்குறைய பத்து வருஷம் பிடிக்கும். அதனால்தான் நம் ஊரில் ஊதா பெல்ட்காரர் தலைமைப் பயிற்சியாளராக இருப்பதில் குறை ஒன்றும் இல்லை. தொடக்க மாணவருக்குத் தேவையானதைப் போல் பல மடங்கு அவரிடம் இருக்கும். பார்க்க வேண்டியது அவருக்கு பெல்ட் கட்டியவர் யார், அவருக்குக் கட்டியவர் யார் என்ற சங்கிலியை. சிலம்பத்தில் ‘நீங்க எந்த ஆசான்கிட்ட கத்துக்கிட்டது?’ என்று கேட்கிறோமே, அதே கேள்விதான். பெரும்பாலான சங்கிலிகள் பிரேசிலின் பெலெம் நகரத்தில் ஜப்பானியர் மிட்சுயோ மயேடாவிடம் கற்ற கார்லோஸ் கிரேஸியிடம் போய் முடியும். நடுவில் ஒரு கண்ணி மழுப்பலாக இருந்தால் மேற்கொண்டு விசாரியுங்கள். வீடியோ பார்த்துக் கற்றுத் தானே பெல்ட் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்க ஒரே வழி, வெளி ஜிம்மிலிருந்து வரும் நீல பெல்ட்டோடு அவர் தரையில் மோதிப் பார்ப்பாரா என்று கவனிப்பது. எப்போதும் ‘முட்டியில் வலி’ என்று ஓரத்தில் நிற்பார்.

குத்துச்சண்டைக்கு வந்தால் பேச்சே மாறிவிடும். வடசென்னையில் பயிற்சியாளருக்குப் பெயர் வாத்தியார். அவரை யாருடைய சிஷ்யர் என்று அடையாளம் சொல்வார்களே தவிர, எந்தக் கோர்ஸ் முடித்தார் என்று கேட்க மாட்டார்கள். இன்னொரு பக்கம், 1961-இல் பாட்டியாலாவில் தொடங்கிய நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் கோச்சிங் டிப்ளமா. பேச்சுவழக்கில் ‘என்.ஐ.எஸ். கோச்’. இந்தப் பெயரில்தான் ஒரு குழப்பம் இருக்கிறது. அங்கே ஒரு வருஷ டிப்ளமாவும் உண்டு, 6 வார சர்டிபிகேட் கோர்ஸும் உண்டு. இரண்டையும் முடித்தவர்கள் போர்டில் எழுதுவது ஒரே மூன்றெழுத்து. டிப்ளமா முடித்தவருக்கு உடற்கூறு, பயிற்சிச் சுமையை மாதக்கணக்கில் திட்டமிடுவது, போட்டிக்கு முன் எப்போது குறைப்பது என்பதெல்லாம் பாடமாகவே இருந்திருக்கும். 6 வாரத்தில் அதன் வாசனையைத்தான் காட்ட முடியும். எது என்று நேராகக் கேட்டுவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வாத்தியார் வழியில் வந்தவரா, டிப்ளமாக்காரரா என்றால், ரிங் மூலையில் நின்று பழகிய வாத்தியாரின் கண் எந்தக் கோர்ஸிலும் கிடைக்காது. ஆனால் 14 வயதுப் பையனை எடை குறைக்க வைக்கும் விஷயத்தில் டிப்ளமாக்காரரை நம்பலாம். பிளாஸ்டிக் கோட் மாட்டிக்கொண்டு சென்னை மே மாதத்தில் ஓடச் சொல்கிற பழக்கம் பழைய இடங்களில் இன்னும் இருக்கிறது. வேர்வையோடு போகிற எடை தண்ணீர் மட்டும்தான், குடித்ததும் திரும்பி வந்துவிடும். மயங்கி விழுகிற ஆபத்துதான் மிச்சம்.

முய் தாயில் ‘தாய்லாந்தில் பயிற்சி’ என்ற வரியை நாளால் வகுத்துப் பாருங்கள். ஃபூகெட் பக்கத்துக் கேம்ப்களில் வாரக் கட்டணம், மாதக் கட்டணம் எல்லாம் உண்டு, யார் வேண்டுமானாலும் சேரலாம். இரண்டு வாரம் போய் வந்ததும் பயிற்சிதான், இரண்டு வருஷம் அங்கேயே தங்கி உள்ளூர் ஸ்டேடியத்தில் சண்டை ஏறியதும் பயிற்சிதான். தாய்லாந்துப் பையன்கள் பத்து வயதுக்கு முன்பே ரிங் ஏறுகிறார்கள், இருபது தாண்டுவதற்குள் நூறு சண்டை என்பது அங்கே அதிசயமில்லை. அந்த ஊர் அளவுகோலை நம் கோச்சின் மேல் வைத்து அளப்பது நியாயமில்லை. ஆனால் 3 நிமிஷம் வீதம் 5 ரவுண்டு, நடுவில் 2 நிமிஷ ஓய்வு என்ற முழுச் சண்டையை ஒரு முறையாவது ஆடியவருக்கு, ஒட்டி நின்று மல்லுக்கட்டும் கிளிஞ்சில் கழுத்தைப் பிடித்து முழங்காலால் இடிக்கும்போது மூச்சு எங்கே போகிறது என்று தெரியும். குத்துப் பையை அடித்தே பழகியவர் கிளிஞ்ச் பாடத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார். ‘மாசத்தில் எத்தனை நாள் கிளிஞ்ச்?’ என்ற கேள்விக்குப் பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பாருங்கள்.

எல்லாக் கலையும் கலந்த எம்.எம்.ஏ. என்றால் சண்டைக் கணக்கு டாபாலஜி, ஷெர்டாக் போன்ற தளங்களில் பெயர் போட்டாலே கிடைக்கும். தோல்வி இருப்பது குறையில்லை. ‘ப்ரோ ஃபைட்டர்’ என்று சொல்லிக்கொண்டு ஒரு வரிகூட இல்லாதிருப்பதுதான் குறை. வார இறுதி இரண்டு நாள் ‘கிக்பாக்ஸிங் இன்ஸ்ட்ரக்டர்’ சர்டிபிகேட்டுகளும் ஊரில் ஓடுகின்றன. வேர்த்து எடை குறைக்க அந்த கிளாஸ் போதும். அதில் ஸ்பாரிங், அதாவது ஆளோடு ஆள் மோதும் பயிற்சி வைத்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

இதெல்லாம் ஆளுக்குச் சண்டை தெரியுமா என்பதைச் சொல்லும். சொல்லித்தரத் தெரியுமா என்பது வேறு படிப்பு. 1920-இல் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி மாதிரி இடங்களில் பட்டம் வாங்கியவருக்கு எட்டு வயதுக் குழந்தைக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் ஒரே வார்ம்-அப் கூடாது என்பது தெரிந்திருக்கும், ஆனால் ஜாப் என்ற எளிய நேர்க்குத்துகூட ஒழுங்காகப் போட வராமல் இருக்கலாம். மெடல் வாங்கியவருக்கு ஜாப் மின்னலாக வரும், அது எப்படி வருகிறது என்று கேட்டால் ‘அப்படியே வுடு’ என்பார். இரண்டும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம். அமைந்த ஜிம்மில் வீட்டிலிருந்து அரை மணி நேரம் பஸ் என்றாலும் சேரலாம்.

அதைக் கண்டுபிடிக்க டிரையல் கிளாஸில் இரண்டு இடங்களை மட்டும் உற்றுப் பார்த்தால் போதும்.

ஒன்று, விழுவதை எப்படிச் சொல்லித்தருகிறார். ஜூடோ, ஜியு-ஜிட்சு, எம்.எம்.ஏ. எதுவானாலும் எறிவதற்கு முன் விழப் பழக வேண்டும், ஜப்பானியப் பெயர் உக்கேமி. தெரிந்தவர் மாணவனை முதலில் மல்லாக்கப் படுக்க வைப்பார். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், பார்வை தன் பெல்ட் முடிச்சில். இரண்டு கையும் உடம்பிலிருந்து 45 டிகிரி அளவு விலகி, முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை ஒரே நேரத்தில் மேட்டில், அதாவது பயிற்சி விரிப்பில் அறைய வேண்டும். அது சரியாக வந்த பிறகு குத்துக்கால் போட்டு உட்கார்ந்த நிலையிலிருந்து பின்னால் உருளல். அதன் பிறகு நின்ற நிலை. கடைசியில்தான் இன்னொருவர் எறிவது. பெரியவர்களுக்கே இதற்குச் சில வாரம் ஆகும். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பது எலும்பு டாக்டர்களுக்குத் தெரியும். விழுகிறவன் பயத்தில் கையை நேராக நீட்டித் தரையில் ஊன்றுவான், மொத்த எடையும் மணிக்கட்டிலோ முழங்கையிலோ காறை எலும்பிலோ இறங்கும். தாடையை ஒட்டாதவனுக்குப் பின்மண்டை அடிபடும். முதல் நாளே புதியவனை இடுப்புக்கு மேல் தூக்கி எறிந்து ‘பயம் போகணும்ல’ என்று சிரிக்கிறவரிடம் எத்தனை டான் இருந்தாலும் வேண்டாம். மேட்டையும் ஒரு தடவை கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எறிவதற்கு 40 மி.மீ. தடிமன் வேண்டும், 20 மி.மீ. குத்துக்கும் உதைக்கும்தான் சரி.

இரண்டாவது, மாணவன் குத்துவதற்காகக் கோச் கையில் மாட்டிக்கொள்ளும் பேடைப் பிடிப்பது. கோச்சுக்கு உள்ள கைத்தொழில் இதுதான், எந்த சர்டிபிகேட்டிலும் இதற்கு மார்க் கிடையாது. நல்லவர் பேடைத் தன் முகத்துக்குப் பக்கத்தில், நிஜத்தில் தாடை இருக்கும் உயரத்தில் வைத்திருப்பார். குத்து வரும்போது ஓரிரண்டு அங்குலம் மட்டும் முன்னால் போய் எதிர்கொண்டு நிறுத்துவார். மோசமானவர் இரண்டு பேடையும் தோளுக்கு வெளியே அகல விரித்துப் பிடிப்பார். மாணவனின் குத்து காற்றில் வளைந்து பழகும், ஸ்பாரிங்கில் எதிராளியின் காதுக்குப் பக்கத்தில் போய்விடும். இன்னும் சிலர் சத்தம் பலமாக வர வேண்டுமென்று பேடால் குத்தை ஓங்கி அறைவார்கள். வீடியோவுக்கு நன்றாக இருக்கும், மாணவனின் முழங்கைக்கும் தோளுக்கும் ஆகாது. வேறு சிலர் பேடைத் தளர்த்திப் பின்வாங்குவார்கள். கை முழுக்க நீண்டு, தாங்க ஒன்றும் இல்லாமல் முழங்கை வெட்டி இழுக்கும். நல்ல கோச் ஒவ்வொரு வரிசைக்குப் பின்னும் பேடால் மாணவனின் கன்னத்தை லேசாகத் தட்டிப் பார்ப்பார், இன்னொரு கை முகத்துக்குத் திரும்பிவிட்டதா என்று. மூன்று நிமிஷ ரவுண்டில் அவர் வாயிலிருந்து ஒரே ஒரு திருத்தம் திரும்பத் திரும்ப வரும், ‘வலது கை தாடையில’ என்று. ஒரே ரவுண்டில் ஏழு திருத்தம் சொல்கிறவரிடம் மாணவன் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டான். கை பேண்டேஜையும் அவரே ஒரு முறை கட்டிக் காட்டுவார், பெரியவர் கைக்கு 180 அங்குலம், அதாவது நாலரை மீட்டர் துணி. அதைவிடச் சின்னதைக் கொடுத்தால் மணிக்கட்டுக்கோ விரல் முட்டிக்கோ ஒன்றுக்குத்தான் காணும்.

ஸ்பாரிங்கில் விதிகளைக் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று மாதம் இருக்கவே கூடாது. இருக்கும்போது 14 அல்லது 16 அவுன்ஸ் கிளவுஸ், வாயில் கார்டு, பக்கத்து எடை ஆள். ஹெட்கார்டு போட்டால் தலைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்கிற கோச்சுக்குப் பாதி விஷயம்தான் தெரியும். தோல் கிழிவதை அது தடுக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. 2013 முதல் ஆண்களின் உயர்மட்டக் குத்துச்சண்டைப் போட்டிகளில் ஹெட்கார்டை எடுத்தே விட்டார்கள். தலையில் பலமாகப் பட்டு ஒருவர் தடுமாறினாலோ, மலங்க விழித்தாலோ, கேட்டதையே கேட்டாலோ அன்றைக்கு அவர் திரும்ப ஆடக் கூடாது. ‘தண்ணி குடிச்சிட்டு வா’ என்பது மருத்துவம் இல்லை. திரும்ப வருவதற்கு ஆறு படி உண்டு, படிக்குக் குறைந்தது 24 மணி நேரம், மறுபடி அடி வாங்கும் பயிற்சிக்கு டாக்டர் ஒப்புதல் வேண்டும். இந்த ஆறு படியைப் பற்றிக் கேள்விப்படாத கோச் இன்னும் நிறைய இருக்கிறார்கள், இது பெரிய வருத்தம்.

ஜியு-ஜிட்சு கிளாஸில் கழுத்து நெரிப்பு சரியாக விழுந்தால் சுமார் பத்தே வினாடியில் ஆள் நினைவிழப்பார். டேப் என்றால், அதாவது மாட்டியவர் கையால் தட்டினால் உடனே விட வேண்டும், கை சிக்கியிருந்தால் காலால் தட்டலாம், வாயால் சொல்லலாம் என்பது முதல் நாள் முதல் பாடமாக இருக்க வேண்டும். குதிகாலை முறுக்கும் ஹீல் ஹுக்கைப் புதியவர்களிடம் விளையாடவிடும் ஜிம் வேண்டாம். ஜியு-ஜிட்சுக் கூட்டமைப்பே அதை 2021-இல்தான், அதுவும் ஜி என்ற பயிற்சி உடை அணியாத போட்டியில் பெரியவர்களின் பிரவுன், கருப்பு பெல்ட்டுக்கு மட்டும் அனுமதித்தது. வலி தெரியும் முன்பே முட்டியின் ஜவ்வு போய்விடும், காரணம் அதுதான். அப்புறம் படர்தாமரை. கிளாஸ் முடிந்ததும் கிருமிநாசினியால் மாப் போட்டு, சில நிமிஷம் ஈரமாகவே விடுகிறார்களா, தோலில் வட்டம் தெரிந்தவரைத் திருப்பி அனுப்புகிறார்களா என்று பாருங்கள். திருப்பி அனுப்பினால் ஒரு மாத ஃபீஸ் போகும், அதற்குத் துணிந்தவர் மற்றதிலும் ஒழுங்காக இருப்பார்.

குழந்தைகளுக்கென்றால் பெல்ட் டெஸ்ட் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். கருப்புக்கு முன் 10 படி, மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்ட் என்றால் இரண்டரை வருஷத்தில் எட்டு வயதுப் பிள்ளை இடுப்பில் பிளாக் பெல்ட். ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனிக் கட்டணம். இதுவரை யாராவது ஃபெயில் ஆகியிருக்கிறார்களா என்று கேட்டால் டெஸ்டின் தரம் தெரிந்துவிடும். உடம்பைத் தொட்டுத் திருத்த வேண்டிய கலை இது, அதனால் கிளாஸ் நேரத்தில் பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதி வேண்டும், பிள்ளையோடு தனியாக வாட்ஸ்அப் பேச்சு கூடாது. போக்ஸோ சட்டம் 2012-லேயே வந்துவிட்டது, ‘எங்க மாஸ்டர் அப்பா மாதிரி’ என்பது அதற்குப் பதிலாகாது.

சேரும் முன் கடைசியாக ஒன்று கேட்க வேண்டும், பெரும்பாலானோர் கேட்பதில்லை. சுவரில் போட்டோ இருக்கிறவர் வாரத்தில் எத்தனை நாள் மேட்டில் நிற்கிறார்? நான்கு கிளை உள்ள ஜிம்மில் அவர் மாதம் ஒரு முறை டெஸ்ட் எடுக்க மட்டும் வருவார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 6 மணி பேட்ச் எடுப்பது ஒன்றரை வருஷம் முன்பு சேர்ந்த சீனியர் பையனாக இருக்கலாம். அவன் நன்றாகவே சொல்லித்தரக் கூடும். ஆனால் மேலே சொன்ன கேள்விகளை அவனிடம் கேட்க வேண்டும், டிரையல் கிளாஸும் ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரிடம் இல்லாமல் அந்தச் செவ்வாய்க்கிழமை பேட்ச்சில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.